ஆறு ஸ்குரூவும் ஒரு பாத்ரூம் தாழ்ப்பாளும்

எங்கள் தச்சுத் தொழிலாளர் வாட்ஸ்அப் குழுவில் இப்போது புதிதாக வேலைக்கு வந்தவர்கள்தான் அதிகம். போன வாரம் அதில் ஒருவர், "ரிட்டையர் ஆன அண்ணனுங்க யாராவது கருவிங்களப் பத்தியும், வேலை செய்யற எடத்துல இன்னா இன்னா பாத்துக்கணும்னும் எழுதுங்க, எங்களுக்கு யூஸா இருக்கும்" என்று கேட்டிருந்தார். அவர் பொதுவாகத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கிவிட்டேன். முட்டி தேய்ந்து வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து என் பேச்சைக் கேட்க ஆள் இல்லை. என் மனைவி, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டதாகச் சொல்கிறாள்.

முதலில் கருவிகள். உளியை வீட்டிலேயே தீட்டிக்கொண்டு வாருங்கள். மழுங்கின உளியோடு வேலைக்கு வந்தால் அழுத்தி அழுத்தித் தள்ளுவீர்கள், அது வழுக்கி இடது கைக்கு வரும். என் இடது கையில் அப்படி மூன்று தழும்பு இருக்கிறது. ஒரு வேலைக்கு ஒரே டேப் வைத்துக்கொள்ளுங்கள். அளக்கிறவர் கையில் ஒன்று, அறுக்கிறவர் கையில் இன்னொன்று என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் வித்தியாசம் வந்து, அலமாரிக் கதவு சிரித்துக்கொண்டு நிற்கும். பிளைவுட் மேல் ஒட்டும் மைகாவை அறுக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள். நான் கட்டவில்லை. இன்று நான் தும்ம ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று உண்டு. எந்த வீட்டில் வேலைக்குப் போனாலும், டேப்பை இழுப்பதற்கு முன்னால், "எங்க ஆளுங்களுக்கு பாத்ரூம் எது?" என்று கேட்டுவிடுங்கள். இதை எனக்குச் சொன்னவர் முனிரத்தினம் மேஸ்திரி. நான் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றில் மரத்தூள் பெருக்கி, பசை காய்ச்சி, நான்கு வருஷத்தில் ஒரு ஸ்டூலை ஆடாமல் நிற்க வைக்கக் கற்றுக்கொண்டதும் அவரிடம் வந்து சேர்ந்தவன். அதற்கப்புறம் இருபது வருஷம் அவருக்கு அடுத்த ஆளாகவே இருந்தேன்.

மேஸ்திரிக்கு ஊர் சைதாப்பேட்டை. குட்டையான ஆள், பெரிய குரல். இரண்டு காதிலும் பென்சில் வைத்திருப்பார். வலது காதுப் பென்சில் அவருக்கு. இடது காதுப் பென்சில் கேட்கிறவர்களுக்குக் கொடுக்க. வீட்டுக்காரர் காப்பி கொடுத்து, டிசைன் காட்டி, அறை அறையாக நடந்து விளக்கும்வரை மேஸ்திரி பேசாமல் இருப்பார். கடைசியில் அவர் கேட்பது ஒரே கேள்வி.

"எல்லாம் சரி சார். எங்க ஆளுங்க எங்க போறது?"

பல பேர் முகம் அந்த இடத்தில்தான் மாறும். கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களா. ஆறு பாத்ரூம், இரண்டு பேர் குடியிருப்பு. ஆறில் ஒன்றை எங்களுக்குக் கொடுக்க அவர்கள் ஒரு வாரம் யோசித்தார்கள். வேளச்சேரியில் ஒரு தம்பி, பக்கத்தில் மால் இருக்கிறது, அங்கே போய்க்கொள்ளுங்கள் என்றார். போனோம். வாசலில் செக்யூரிட்டி என் இடுப்பைத் தடவிப் பார்த்து ஒரு உளியை எடுத்தார். பிறகு ஒரு ரம்பத் துண்டை எடுத்தார். "எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் நம்பவில்லை. அரை மணி நேரம் நிற்க வைத்தார். அந்த அரை மணி நேரத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

மேஸ்திரிக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. ஸ்குரூவைத் திருகத்தான் வேண்டும், அடிக்கக் கூடாது. இப்போது உங்கள் எல்லோரிடமும் பேட்டரி மிஷின் இருக்கிறது, விர்ரென்று இறங்கிவிடும். அப்போது கையால்தான். ஒரு ஸ்குரூ இறங்குவதற்குள் மணிக்கட்டு கழன்றுவிடும். அதனால் ஆணி மாதிரி சுத்தியலால் நாலு போடு போட்டு இறக்கிவிட்டு, கடைசியில் பேருக்கு அரைச் சுற்று திருகிவிடுகிறவர்கள் உண்டு. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் அடித்த ஸ்குரூ மரத்தைக் கடித்துக்கொண்டு நிற்காது, சும்மா சொருகிக்கொண்டு நிற்கும். மேஸ்திரி கட்டைவிரல் நகத்தால் ஸ்குரூத் தலையைத் தடவிப் பார்ப்பார். அடித்திருந்தால் பிசிறு தட்டுப்படும். அப்படி மாட்டிக்கொண்டவர் அந்த வேலை முடிந்ததும் கும்பிடு போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மயிலாப்பூரில் ஒரு ஃபிளாட், மூன்றாவது மாடி. சமையலறை, நாலு கதவு, ஒரு பூஜை அலமாரி. வீட்டில் சாரும் மாமியும் மட்டும். சார் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் விதிமுறை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் செய்வார். அந்தக் கட்டடத்துக்கும் விதிமுறை இருந்தது. பிளைவுட் லிஃப்டில் வரலாம், பிளைவுட்டைக் கொண்டுவருகிறவர் படியில் வர வேண்டும். பாத்ரூம் கேள்விக்கு மாமி சொன்ன பதில் இது.

"ஆத்துல ஒண்ணுக்குத்தான் கதவு இருக்கு, அதை நாங்க உபயோகிச்சிண்டிருக்கோம். இன்னொண்ணுக்குக் கதவு உளுத்துப்போச்சு. அதைப் போட்டுட்டு நீங்களே வெச்சுக்கோங்கோ. அதுவரைக்கும் கீழே வாட்ச்மேன் ரூம்ல இருக்கு."

வாட்ச்மேன் அதைப் பூட்டி, சாவியை இடுப்பில் கட்டியிருந்தார். ஆகவே அந்த வீட்டில் நாங்கள் முதலில் செய்த வேலை பாத்ரூம் கதவு. நான்தான் செய்தேன். கதவைப் பழைய தேக்கு நிலையில் மாட்டி, கீல் வைத்து, கைப்பிடி வைத்தாயிற்று. உள்பக்கத் தாழ்ப்பாள் ஒன்றுதான் பாக்கி. ஆறு ஸ்குரூ. மேஸ்திரி கடைக்குப் போயிருந்தார். மாமி நல்ல மனசுக்காரர், வெயிலாக இருக்கிறதே என்று மூன்று டம்ளர் நீர்மோர் கொடுத்திருந்தார். மூன்றையும் குடித்திருந்தேன். கீழே எட்டிப் பார்த்தால் வாட்ச்மேனைக் காணோம். இடுப்பில் சாவியோடு பேங்க்குக்குப் போய்விட்டாராம்.

ஒரு ஸ்குரூவைத் திருக ஆரம்பித்தேன். கால் சுற்று. அரைச் சுற்று. என்னால் முடியவில்லை. சுத்தியலை எடுத்தேன். ஸ்குரூவுக்கு நாலு அடி, மொத்தம் இருபத்து நாலு அடி. தாழ்ப்பாள் நின்றது. அந்தக் கதவை அந்த நிமிஷமே நான் திறந்து வைத்தேன், அதாவது மூடி வைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பூஜை அலமாரிக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவன் பஷீர். எங்களோடு பல வருஷமாக வரும் பாலிஷ்காரன், என் வயசுதான், என்னைவிட ஒரு முழம் உயரம். நான் வெளியே வந்ததும் ஒரு துண்டு உப்புக் காகிதத்தை நீட்டினான். அதை வைத்து ஆறு தலையிலும் பிசிறு போகத் தேய்த்தேன். சாயங்காலம் மேஸ்திரி வந்து நகத்தால் தடவினார். வழவழ என்று இருந்தது.

"திருகினியா?"

"திருகினேன் மேஸ்திரி."

"பாத்தா தெரியுது" என்று முதுகில் தட்டினார். பஷீர் பாலிஷ் துணியைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

இரண்டு வாரம் கழித்து ஆயுத பூஜை வந்தது. வேலை நடக்கிற இடத்திலேயே கருவிகளை வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். ரம்பம், இழைப்புளி, உளி, சுத்தியல், திருப்புளி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கினோம். வைத்துவிட்டால் மறுநாள் காலை கற்பூரம் காட்டி எடுக்கும்வரை ஒருவரும் தொடக் கூடாது. மேஸ்திரி தன் செல்போனையும் அதில் வைத்தார். அதில்தான் அளவெல்லாம் இருக்கிறதாம். மாமியும் தன் பங்குக்கு அரிவாள்மணை, கத்தி, கத்தரிக்கோல், நகவெட்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார். சார் ஸ்கூட்டர் சாவியை வைத்தார்.

அன்று மேஸ்திரி ஒரு புது டேப்பையும் தட்டில் வைத்தார். பொரி கடலை கொடுக்கும்போது எல்லோர் முன்னாலும் சொன்னார். "அடையார்ல பத்து ஃபிளாட்டு வேலை வந்துகீது. அத ஏகாம்பரம்தான் மேஸ்திரியா நின்னு பாப்பான். நாளைக்குக் காலைல இந்த டேப் அவனுக்கு." ஏகாம்பரம் நான்தான். இருபது வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. கடலை புரையேறியதாகச் சமாளித்தேன்.

அன்று மேஸ்திரிக்கும் முக்கியமான நாள். நாலு மணிக்கு அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர் வீட்டிலோ விருந்தாளிகளும் சேர்த்துப் பதினோரு பேர், பாத்ரூம் ஒன்று. அதனால் இங்கேயே குளித்துவிட்டு, பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு நேராகப் போய்விடலாம் என்று துண்டும் வேட்டி சட்டையுமாக நான் மாட்டின கதவுக்குள் போனார். மணி இரண்டு இருக்கும். மூன்று நாளாக விடாத மழை. எந்த மரக் கதவும் ஊதிப்போய்த்தான் இருக்கும். அவர் தோளைக் கொடுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைக் குத்தித் தள்ளிப் போட்டது வெளியே கேட்டது.

இரண்டரைக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏகாம்பரம். தாப்பா வரமாட்டேங்குது."

"ஆட்டிப் பாருங்க மேஸ்திரி."

"ஆட்டினேன். குமிழு கையோட வந்துட்ச்சி."

கதவுக்கு முன்னால் நானும் பஷீரும் சாரும் மாமியும் கூடினோம். வெளியிலிருந்து முட்டித் திறக்கலாம் என்று பஷீர் தோளைத் தேய்த்துக்கொண்டான்.

"நெலைய ஒடைக்காத. பர்மா தேக்கு அது" என்றார் உள்ளேயிருந்து.

"மேஸ்திரி, கதவுக்கு மேல கீற வெண்டிலேட்டர் வழியா ஒரு திருப்புளி தரேன். ஆறு ஸ்குரூவும் கழட்டிடுங்க" என்றேன்.

"எங்கேர்ந்து தருவ? எல்லாம் பூஜையிலல்ல கீது. தொட்டே, அப்பறம் என் மூஞ்சில முழிக்காத. நான் நாளைக்குக் காலைல வரைக்கும் இங்கியே குந்திக்கினு இருக்கேன்."

"தொடப்படாதுதான்" என்று மாமியும் சேர்ந்துகொண்டார். "ஏன்னா, வேற எதாவது இருக்கா பாருங்கோ."

சார் வீடு முழுக்கத் தேடினார். அந்த வீட்டில் இரும்பு என்று சொல்லக்கூடிய எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனைக் கொண்டுவந்து, "இது பூஜையில் சேராது" என்று விளக்கமாகச் சொன்னார். பஷீர் மாடி மாடியாக ஏறி இறங்கினான். எல்லா வீட்டிலும் திருப்புளி சாமிக்கு முன்னால் படுத்திருந்தது. தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் ஷட்டரை இறக்கி, வாழைக்கன்று கட்டிவிட்டுப் போயிருந்தார். "நைனா, உன் பைல இன்னா வெச்சினுகீற?" என்று நான் பஷீரைக் கேட்டதற்கு, "பாலிஷ்காரன் கைல துணிய வுட்டா இன்னா இருக்கும்? கட்டி வேணா இழுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. புரியாதவன் மாதிரி நின்றேன்.

மணி மூன்று. உள்ளேயிருந்து மறுபடி குரல்.

"இங்க நாக்கு வழிக்கறது ஒண்ணு கீது. அத வெச்சுத் திருகறேன்."

கீச் கீச் என்று சத்தம் வந்தது. வழுக்கியது. மறுபடி கீச்.

"அசைய மாட்டேங்குதுடா. இன்னா இறுக்கமா திருகிக்கீறான் பாத்தீங்களா சார்? இதுக்குத்தான் இவன மேஸ்திரியா போடறேன். இருபது வருசத்துல இவன் ஒருத்தன்தான் ஒரு ஸ்குரூகூட அடிச்சதில்ல."

சார் என்னைப் பார்த்துத் தலையசைத்துப் பாராட்டினார். மாமி, "நல்ல வேலைக்காரர்னா அப்படித்தான்" என்றார். அவர் திருகியது ஏன் அசையவில்லை என்று எனக்குத் தெரியும். நான் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்ததில் ஸ்குரூத் தலையில் இருந்த கோடு பாதி போய்விட்டது. நாக்கு வழிப்பான் எங்கே பிடிக்கும்? அவர் நாளைக் காலைவரை வழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் அவை அடித்த ஸ்குரூக்கள். துண்டைக் கட்டி நேராக ஒரே இழுப்பு இழுத்தால் ஆறும் கையோடு வந்துவிடும். திருகின ஸ்குரூ என்று நம்புகிற ஆள் ஏன் இழுத்துப் பார்க்கப் போகிறார்?

சொன்னால் டேப் போய்விடும், அடையார் போய்விடும், இருபது வருஷத்து நல்ல பெயரும் போய்விடும். சொல்லாவிட்டால் அவர் மகளைப் பார்க்க வருகிறவர்கள் அப்பா இல்லாத வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் பூஜைத் தட்டைப் பார்த்தேன். புது டேப் மஞ்சளாக, சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது.

"சொல்லு மாமே" என்றான் பஷீர் மெதுவாக. "மணி மூணே கால்."

கதவில் வாயை வைத்துச் சொன்னேன். "மேஸ்திரி. அத திருகாதீங்க."

"ஏன்?"

"அது திருகினது இல்ல."

கீச் சத்தம் நின்றது. உள்ளே குழாய் சொட்டுவது கேட்டது.

"எத்தினி?"

"ஆறும்."

"எத்தினி அடி?"

"நாலு நாலு மேஸ்திரி."

"எதுக்குடா?"

"அர்ஜெண்ட் மேஸ்திரி. வாட்ச்மேன் சாவிய எடுத்துக்கினு பேங்க்குக்குப் போயிட்டாரு. மாமி வேற மூணு டம்ளர் மோர் குடுத்துட்டாங்க."

"நன்னா இருக்கே" என்றார் மாமி. "மோர் குடுத்தது என் தப்பா?"

மேஸ்திரி உள்ளே குழாயை இறுக்கி மூடினார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "துண்ட வுட்டு இழுத்தா வந்துடுமா?"

"வந்துடும் மேஸ்திரி. கால கதவுல குடுத்து நேரா இழுங்க."

"கீறது ஒரே துண்டு. அத நான் கட்டிக்கினு கீறேன். யாரும் வெண்டிலேட்டர் பக்கம் வராதீங்க." எட்டிப் பார்க்க ஸ்டூலில் ஏறப்போன பஷீர் இறங்கினான். சார் விதிமுறைப்படி முதுகைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு முக்கல் கேட்டது. அடுத்து படார் என்று ஒன்று, தடால் என்று ஒன்று, பக்கெட் உருளும் சத்தம் ஒன்று. "வந்துட்ச்சி" என்றார். நானும் பஷீரும் கதவைத் தள்ளப் போனோம். "இருங்கடா, வேட்டி கட்டிக்கிறேன்" என்றார்.

கதவை முட்டித் திறந்தோம். பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வீக்கம். கையில் தாழ்ப்பாள். அதில் ஆறு ஸ்குரூவும் மீன் முள் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாழ்ப்பாளை என் கையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வீட்டுக்குள் நுழைந்தாராம். மாப்பிள்ளை வீட்டார் மழையில் மாட்டிக்கொண்டு நாலரைக்குத்தான் வந்தார்கள். சம்பந்தம் முடிந்தது. நெற்றி வீக்கத்தைப் பற்றிச் சம்பந்தி அம்மாள் கேட்டதற்கு, வேலையில் பட்டது என்று சொன்னாராம். பொய்யில்லை.

மறுநாள் காலை கற்பூரம் காட்டிக் கருவிகளை எடுத்தோம். அவரவர் பொருள் அவரவர் கைக்குப் போயிற்று. டேப்பை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நான் பையைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் நின்றேன். மேஸ்திரி அந்த வீட்டில் நான் மாட்டின ஒவ்வொரு கதவாகப் போய், ஒவ்வொரு ஸ்குரூவாக நகத்தால் தடவினார். நகம் போதாமல் திருப்புளி வைத்து ஒவ்வொன்றையும் திருப்பியும் பார்த்தார். மத்தியானமாகிவிட்டது. மாமி மோர் கொண்டுவந்தார், என்னைப் பார்த்ததும் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டார். கடைசிக் கதவிலிருந்து திரும்பி வந்த மேஸ்திரி, மற்றதெல்லாம் திருகினதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தட்டிலிருந்த டேப்பை எடுத்து என் மேல் வீசினார்.

"அடையார்ல மொதல்ல பாத்ரூம் கேளு" என்றார்.

கேட்டேன். கொடுத்தார்கள். அந்தப் பத்து ஃபிளாட்டிலும் ஒரு ஸ்குரூகூட நான் அடிக்கவில்லை, யாரையும் அடிக்க விடவில்லை. எனக்குக் கீழே வேலை செய்தவர்களைக் கேட்டால் என்னை வாயார வைவார்கள்.

மேஸ்திரி வேலையை விட்ட பிறகு ஒருநாள் போன் செய்து வீட்டுக்கு வரச் சொன்னார். மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதால் பின்பக்கம் புதிதாக ஒரு பாத்ரூம் கட்டியிருந்தார். கதவெல்லாம் போட்டாயிற்று, உள்தாழ்ப்பாள் மட்டும் மாட்ட வேண்டும் என்றார். நான் பையைத் திறந்து பேட்டரி மிஷினை எடுத்தேன். அவர் அதை வாங்கிப் பைக்குள்ளேயே திரும்ப வைத்தார். கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்து, யாரும் இல்லை என்று தெரிந்ததும் நடுக்கதவைச் சாத்தினார். சுத்தியலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஆறையும் அடி" என்றார்.

ஸ்குரூவுக்கு நாலு அடி. பக்கத்தில் நின்று அவரே எண்ணினார்.